எம்.எஸ்சி. உளவியல் முடித்தாச்சு, நெல்லையிலேயே இருந்து ஆராய்ச்சி, கல்லூரி வேலை என்று போகலாமா?

ஆலங்குளத்துக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 23 வயது, ஊர் ஆலங்குளம் பக்கம். இந்த வருடம் எம்.எஸ்சி. உளவியல் முடித்தேன். அம்மா பீடி சுற்றித்தான் என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். அப்பா சென்னையில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார், பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் வருவார். இப்போது வீட்டில் யார் வந்தாலும் ஒரே கேள்விதான், "படிச்சாச்சுல்லா, அடுத்து என்ன?" சித்தப்பாவுக்கு நான் கிறுக்குக்கு வைத்தியம் பார்க்கப் படித்திருக்கிறேன் என்று எண்ணம், எத்தனை தடவை விளக்கினாலும் மாறவில்லை.

எனக்கு ஆசை பிஎச்.டி. செய்து ஏதாவது கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ பாடம் நடத்த வேண்டும், கூடவே ஆராய்ச்சியும் செய்ய வேண்டும். சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை இருக்கிறது, 22,000 தருகிறோம் என்கிறார்கள். அம்மா "உனக்கு எது பிடிக்கோ அதச் செய்" என்று சொல்லிவிட்டார். அப்படிச் சொன்னதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அவர் விரலைப் பார்த்தால் நாளைக்கே வேலைக்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒரு நாள் எப்படிப் போகும், சம்பளம் என்ன, இந்தப் பக்கத்திலேயே இருந்து செய்ய முடியுமா என்று உள்ளபடி சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும், இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எம்.எஸ்சி. கடைசி பருவத்து ஆய்வுக்கு எங்கள் ஊரில் பீடி சுற்றும் பெண்கள் 60 பேரிடம் கேள்வித்தாளுக்குப் பதில் வாங்கினேன். மனச்சோர்வு பற்றிய 9 கேள்வி, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்களே, அதுதான். ஒரே ராத்திரியில் நானே தமிழாக்கினேன். மறுநாள் எங்கள் தெருவில் உட்கார்ந்து வாசித்தேன், "மனச்சோர்வுற்று நம்பிக்கையிழந்து உணர்ந்தீர்களா?" என்று. அத்தை ஒருவர் சுளகிலிருந்து கையை எடுக்காமலே, "ஆமான்னு போட்டா உனக்கு மார்க் கெடைக்குமா, இல்லன்னு போட்டா கெடைக்குமா? எதுக்குக் கெடைக்குமோ அதப் போட்டுக்கோ தாயி" என்றார். எனக்கு நல்ல மதிப்பெண்தான் வந்தது. ஆனால் அந்த 60 தாளை வைத்து நான் எழுதிய முடிவு நிஜமா என்று எனக்கே தெரியவில்லை. இப்படிப்பட்டவள் பிஎச்.டி. செய்யலாமா?

பாளை வாத்தியார்:

என் மகளைவிடச் சின்னவள், அதனால் நீ என்றே எழுதுகிறேன் அம்மா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. நான் உளவியல் நடத்த ஆரம்பித்தது 1997-இல். பிஎச்.டி. மாணவர்களுக்கு நெறியாளராகவும் இருக்கிறேன், ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். சம்பளம், தேர்வு பற்றி மற்றவர்கள் எழுதட்டும், என் காலத்துக் கணக்கு உனக்கு உதவாது. நான் அந்த 60 தாளில் ஆரம்பிக்கிறேன்.

முதலில் ஒரு காரியம். இதைப் படித்தவுடன் அந்தத் தாள்களை எடு. பிஎச்க்யூ-9 தானே அது, அதில் ஒன்பதாவது கேள்வி உயிரோடு இருப்பதைவிடச் செத்துப் போவதே மேல் என்று தோன்றியதா என்பது. அதில் "இல்லவே இல்லை" தவிர வேறு எதையாவது யாராவது குறித்திருக்கிறார்களா என்று பார். குறித்திருந்தால், அது யாரென்று உனக்குத் தெரிந்தால், மதிப்பெண்ணும் பிஎச்.டி.யும் அப்புறம், இன்றைக்கே போய் அவரோடு உட்கார். என் மாணவர்கள் யாரையும் அந்தக் கேள்வியோடு வெளியே அனுப்பும் முன்னால், ஆமாம் என்று ஒருவர் சொன்னால் எங்கே கூட்டிப் போவது, யாரைக் கூப்பிடுவது, எந்த எண் என்று எழுதித் தரச் சொல்வேன், தராவிட்டால் அனுப்ப மாட்டேன். பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் பேசினால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. உனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை என்றால் குற்றம் உன்னைக் கையைப் பிடித்து நடத்தியிருக்க வேண்டியவர்களுடையது.

சரி, தமிழாக்கம். ஒரு கேள்வித்தாளை ஒருவர் ஒரு ராத்திரியில் தமிழாக்க முடியாது. இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழில் எழுத வேண்டும், இரண்டையும் வைத்துப் பேசி ஒன்றாக்க வேண்டும், மூலத்தைக் கண்ணாலும் பார்க்காத வேறு இரண்டு பேர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும், எங்கே கோணுகிறது என்று அப்போது தெரியும். இவ்வளவும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. பல பேர் விட்டுவிடுவது அதற்கு அடுத்த படியை. பத்துப் பதினைந்து பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்து, பதில் கேட்காமல், "இது என்ன கேக்குதுன்னு உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். என் மாணவி ஒருத்தி முக்கூடல் பக்கம் இப்படி உட்கார்ந்தாள். மனச்சோர்வு என்ற சொல்லே அங்கே யார் வாயிலும் இல்லை. "சடவா இருக்கு" என்றார்கள், அது உடம்பு அசதி. "வெசனமா இருக்கு" என்றார்கள், அது கவலை. சரி, வெசனம் என்று போட்டுவிடலாம் என்று அவள் நினைத்தபோது ஒரு பாட்டி, "வெசனம்னா காரணம் இருக்கும்லா? கடன் இருக்கும், மக வீட்டுல சண்டை இருக்கும். நீ கேக்கது காரணமே இல்லாம நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி இருக்குமே, அதுவா?" என்று கேட்டிருக்கிறார். நாங்கள் அறையில் மூன்று மாதம் உட்கார்ந்து தேடிய வேறுபாட்டை அந்தப் பாட்டி இலை வெட்டிக்கொண்டே சொல்லிவிட்டார்.

இன்னொரு சிக்கல் நாள் கணக்கு. கடந்த 2 வாரத்தில் "பல நாட்கள்", "பாதி நாட்களுக்கு மேல்", "ஏறக்குறைய தினமும்" என்று கட்டம் இருக்கும். பீடிக் கடைக்குச் சரக்கு கொடுக்கும் நாள் வைத்து வாரத்தை எண்ணுகிறவர், பாதி நாள் என்றால் மத்தியானம் வரைக்குமா என்று கேட்பார். அந்த மாணவி 14 புளியமுத்தை, புளியங்கொட்டையைத்தான் சொல்கிறேன், ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள், ஒரு முத்து ஒரு நாள், அப்படி இருந்த நாளை எடுத்து இந்தப் பக்கம் வையுங்கள் என்று. அதற்கு அப்புறம் யாரும் அவளிடம் எதைப் போட்டால் மார்க் என்று கேட்கவில்லை. இதை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுத வேண்டும், வழக்கமான முறையிலும் சிலரிடம் கேட்டு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் புறத்தேர்வாளர் விட மாட்டார், விடவும் கூடாது.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டாய். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு என்பது யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கு. அதுபோக விடைத்தாள், உள்மதிப்பீடு, கல்லூரியின் தரம் பார்க்க நாக் குழு வருகிறது என்றால் கோப்பு, பிள்ளைகளின் செய்முறை ஏடு. எனக்குப் பிடித்தது செய்முறை வகுப்புதான். கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொல்வோம், கை எதிர்ப்பக்கம் ஓடும், ஐந்தாவது ஆறாவது தடவையில் ஒரு பிள்ளை முகம் மாறும் பார், அதற்காகவே போகலாம். ஸ்ட்ரூப் என்பவர் 1935-இல் வெளியிட்ட சோதனை ஒன்று, சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் ஆங்கில அட்டையில் தடையில்லாமல் போய்த் தமிழ் அட்டையில் திக்குவார்கள். வாசிக்கக் கூடாது என்று நினைத்தாலும் தாய்மொழி தானாகக் கண்ணுக்குள் போய்விடும். ஆங்கிலம் வராது என்று கூசிப்போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்த பிள்ளை அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்வதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே இருந்து செய்ய வேண்டுமா என்றால், நான் வேண்டும் என்பேன். 2010-இல் ஹென்ரிச் என்பவரும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள், மனித மனம் என்று நாம் படிக்கிறதில் பெரும்பகுதி மேற்கத்திய, வசதியான நாட்டுக் கல்லூரி மாணவர்களிடம் எடுத்தது என்று. 2015-இல் உளவியல் ஆய்வுகள் 100-ஐ மறுபடி செய்து பார்த்தார்கள், முதலில் 97 சதவீதம் புள்ளியியல்படி தேறியவை, திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் தேறின. பெரிய பல்கலைக்கழகத்துக்காரர்களே தங்கள் முடிவு நிஜமா என்று தெரியாமல் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள். நீயும் அதைத்தான் கேட்கிறாய். இப்படிப்பட்டவள் செய்யலாமா என்றாயே, உன்னைப் போல ஒருத்தியை மாணவியாக எடுக்க நான் இரண்டு வருடம் காத்திருப்பேன்.

பாலத்தடி:

சார் எழுதியதைப் படித்து எனக்கே மறுபடி கல்லூரியில் சேர வேண்டும் போல இருக்கிறது. ஆனால் தங்கச்சி, நான் 9 வருடமாக இதில் இருக்கிறவள், பணத்தைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன்.

முதலில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் 14,000-க்குச் சேர்ந்தேன். அசல் சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து வேறு இடம் கிடைத்தபோது அதைத் திரும்ப வாங்க ஒரு மாதத்துக்கு மேல் நடந்தேன். நீ எங்கே சேர்ந்தாலும் அசலைக் கொடுக்காதே, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றால் பார்க்கிற வரை நின்று வாங்கிக்கொண்டு வா. இப்போது கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன், அரசுக் கல்லூரியில் மாதம் 25,000, வருடத்துக்கு 11 மாதம். மே மாதம் சம்பளம் கிடையாது. யுஜிசி 2019-இல் ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை தரலாம் என்று சொன்னது, என் கைக்கு அது வந்ததில்லை. நிரந்தரப் பணிக்கு அறிவிப்பு வரும்போது உளவியலுக்கு எத்தனை இடம் என்று விரலை விட்டு எண்ண வேண்டியிருக்கும், ஏனென்றால் உளவியல் துறை இருக்கிற கல்லூரியே குறைவு. வரும் வரும் என்று ஒவ்வொரு வருடமும் காத்திருப்பது மனசை என்ன செய்யும் என்று அந்தப் பாடத்தை நடத்துகிற எனக்குத் தெரியும்.

அதனால் ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்காமல் முழுநேர பிஎச்.டி.க்குள் போகாதே. சார் கோபித்துக்கொள்ளக் கூடாது. உன் வீட்டு நிலைமைக்கு அது இல்லாமல் மூன்று, நான்கு வருடம் தாங்காது.

இன்னொன்று, நீ வகுப்பு எடுக்க ஆரம்பித்த முதல் மாதத்திலேயே ஒரு பிள்ளை ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்கும். உளவியல் டீச்சர் என்றால் மனசைத் திறந்து சொல்லலாம் என்று நினைத்து வரும். எனக்கு முதல் வருடம் இதில் தெளிவு இல்லை, எல்லாவற்றையும் நானே தூக்கிக்கொண்டேன், ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாம் போன் வரும், எடுப்பேன். ஒரு கட்டத்தில் எனக்கே தூக்கம் போய்விட்டது. கேட்கலாம், பக்கத்தில் உட்காரலாம், சரியான ஆளிடம் கூட்டிப் போகலாம். ஆனால் மார்க் போடுகிறவளே சிகிச்சையும் தர முடியாது. சட்டப்படியும் பார்த்துக்கொள், பிஎச்.டி. வாங்கினால் மட்டும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட முடியாது, அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஒத்துக்கொண்ட தனிப் படிப்பும் பதிவும் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பிஎச்.டி.யில் சேர்ந்து அப்புறம் அழுதவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

இவ்வளவு சொல்லியும் நான் ஏன் விடவில்லை என்று கேட்பாய். போன வாரம் முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, மறதியைப் பற்றிய பாடம் முடிந்ததும், "மேம், எங்க தாத்தாவுக்குப் பழசு எல்லாம் ஞாபகம் இருக்கு, காலைல சாப்பிட்டது ஞாபகம் இல்ல, அத வீட்டுல எல்லாரும் நடிக்காருன்னு திட்டுறாங்க, நான் போய்ச் சொல்லலாமா?" என்றது. சொல்லு, சொல்லிவிட்டு டாக்டரிடமும் கூட்டிப் போகச் சொல்லு என்றேன். அதனால்தான்.

கல்லிடை:

நான் பிஎச்.டி. நான்காம் ஆண்டு. தேர்வு, விதி பற்றி எழுதுகிறேன்.

உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் ஜேஆர்எஃப்க்கும் எழுத வேண்டியது நெட் தேர்வு, வருடத்துக்கு இரண்டு தடவை. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, சேர்த்து 300 மதிப்பெண், 3 மணி நேரம், தப்பான விடைக்குக் கழிப்பு கிடையாது, அதனால் எதையும் விடாதே. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும், தமிழில் வராது. இது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய சுமைதான், நான் முதல் தடவை தேறாததற்குக் காரணம் பாடம் தெரியாததல்ல, சுற்றி வளைத்த ஆங்கிலத்தை வாசித்து முடிக்க நேரம் போதாததுதான். பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துப் போட்டுப் பழகு. ஜேஆர்எஃப் கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000. அதற்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 வருடம் தளர்வு உண்டு, உனக்கு நேரம் இருக்கிறது. இப்போது பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறார்கள்.

யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 வருடம், அதிகம் 6 வருடம், பெண்களுக்கு மேலும் 2 வருடம் நீட்டிக்கலாம், பிரசவ விடுப்பு 240 நாள் வரை உண்டு. முன்னால் பிஎச்.டி.க்கு முந்தி செய்த எம்.ஃபில். இப்போது கிடையாது, பழைய ஆட்கள் யாராவது எம்.ஃபில். போட்டுட்டு வா என்றால் கேட்காதே. கட்டுரை வெளியிட்டால்தான் பட்டம் என்பதை யுஜிசி எடுத்துவிட்டது, ஆனால் பல்கலைக்கழகம் தனியாக வைத்திருக்கலாம், சேரும் முன் விதிகளைக் கேட்டு வாங்கிப் படி. எந்த ஆய்வுப் பத்திரிகை தரமானது என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியோடு போய்விட்டது, அதனால் ஆறாயிரம் கொடு, ஏழு நாளில் போடுகிறோம் என்று மெயில் அனுப்பும் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். அம்மா பீடி சுற்றிய காசை அங்கே கொண்டுபோய்க் கொட்டாதே. புள்ளியியலுக்கும் காசு கொடுத்து மென்பொருள் வேண்டாம், ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவசம், உனக்கு வேண்டிய எல்லாம் அதில் வரும்.

இடம் என்றால், நம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. சுந்தரனாரே தத்துவப் பேராசிரியர்தான். அங்கே குற்றவியல் துறை பேர் பெற்றது, பாதிக்கப்பட்டவர்கள் மனநிலை, சிறார் மனநிலை என்று உன் ஆர்வம் போனால் அந்தப் பக்கமும் பார். சென்னை, அண்ணாமலை, பாரதியார் பல்கலைக்கழகங்களில் உளவியல் துறை பழையது. பதிவு எங்கே இருந்தாலும் களம் உன் ஊராக இருக்கலாம். ஆனால் நான் சொல்வேன், ஊரைப் பார்க்காதே, நெறியாளரைப் பார். அவரிடம் இப்போது படிக்கும் இரண்டு பேரை டீக்கடைக்குக் கூட்டிப் போய்ப் பேசினால் எல்லாம் தெரிந்துவிடும்.

என் தலைப்பு வெள்ளத்துக்குப் பிந்தைய மன உளைச்சல். 2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. நான் நான்கு மாதம் கழித்து ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் படிவத்தோடு போனேன். முதல் வீட்டில் ஒரு அம்மா, "இந்த ஃபாரத்துக்கும் 6,000 வருமாய்யா?" என்று கேட்டார். நிவாரணத்துக்கு எழுதி வாங்கிப் போன மாதிரி நானும் என்று நினைத்துவிட்டார். ஒப்புதல் படிவத்தில் "இதனால் நேரடிப் பயன் எதுவும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும், நெறிமுறைக் குழுவுக்காக எழுதுவோம். அந்த வரியை அந்த அம்மா முகத்தைப் பார்த்து வாயால் சொல்ல வேண்டி வந்தபோதுதான் அது என்ன வரி என்று எனக்குப் புரிந்தது. சொன்னேன். "சரி, கேளு, இங்க யாரு வந்து எங்கள என்னன்னு கேட்டா" என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

முக்கூடலான்:

நான் உளவியல் படித்தவன் இல்லை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். ஊர் பேரைப் பார்த்து உள்ளே வந்தேன். பெரியவர்கள் பேசுகிற இடத்தில் ஒன்று சொல்லலாம் என்றால் சொல்கிறேன்.

நாலைந்து வருடம் முன்னால் எங்கள் தெருவுக்கும் இரண்டு பெண்கள் தாளோடு வந்தார்கள். சார் சொல்கிற மாணவியா, வேறு யாரா, தெரியாது. புளியமுத்து எல்லாம் கொண்டுவரவில்லை. எங்கம்மாவிடம் உட்கார்ந்து கேட்டார்கள். அப்பா தவறி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மா என்னிடம், தங்கச்சியிடம் சொல்லாததை எல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். பீடி சுற்றுகிறவர்கள் பேசினால் கை பாட்டுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் அழுதால் கை நின்றுவிடும். அன்றைக்குக் கணக்கில் குறைந்து போச்சு, ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து சுற்றினாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் நல்ல மாதிரிதான் பேசினார்கள், காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அதோடு சரி. அம்மா இன்னைக்கும் கேட்பாள், "அந்தப் பிள்ள எழுதிட்டுப் போச்சே, பாஸாயிருச்சா?" என்று. எனக்கு என்ன பதில் சொல்ல என்று தெரியாது. பாஸாகியிருக்கும் என்று சொல்வேன். நீங்கள் எழுதுகிற புத்தகத்தில் எங்கம்மா சொன்னது எந்தப் பக்கத்தில் இருக்கிறது, அதை யார் வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால் அம்மாவுக்குச் சொல்லுவேன். அவ்வளவுதான் கேட்க வந்தேன்.

பாளை வாத்தியார்:

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்கள் அம்மாவிடம் வந்தது என் மாணவியாக இருக்க வாய்ப்பு குறைவு, வருடம் ஒத்துவரவில்லை. ஆனால் அது எனக்குச் சமாதானம் இல்லை. ஏனென்றால் புளியமுத்து கொண்டுபோன என் மாணவியும் திரும்பிப் போய்ச் சொல்லவில்லை. ஆய்வேட்டைக் கொடுத்தாள், வாய்மொழித் தேர்வு முடிந்தது, கல்யாணமாகிப் போனாள், நானும் கேட்கவில்லை. அவளுடைய ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது, ஆங்கிலத்தில். அந்தப் பாட்டி சொன்ன கல்லு வச்ச மாதிரி என்ற வாக்கியம் அதில் 112-ஆம் பக்கமோ என்னமோ, ஒரு மொழிபெயர்ப்பாகக் கிடக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவனுக்கு இது தானாகத் தோன்றியிருக்க வேண்டும்.

நேற்று அவளுக்குப் போன் செய்தேன். அவளும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என்ன கண்டோம் என்பதை ஒரே பக்கத்தில், நல்ல தமிழில், அந்தப் பெண்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுவோம் என்று முடிவு செய்திருக்கிறோம், இந்த மாதம் அவள் ஊருக்கு வரும்போது இரண்டு பேரும் முக்கூடல் போவோம். எல்லாரையும் கண்டுபிடிக்க முடியாது, பேர் எழுதாமல்தான் வாங்கினோம், தெருவில் உட்கார்ந்து வாசிப்போம், கேட்கிறவர்கள் கேட்கட்டும். இனி என்னிடம் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆய்வுத் திட்டத்திலேயே திரும்பிப் போகும் நாளையும் பஸ் செலவையும் எழுதச் சொல்லிவிட்டேன். கேட்கிற ஒரு மணி நேரத்துக்குக் கூலியும் போடச் சொன்னேன், அதை நெறிமுறைக் குழு எப்படிப் பார்க்கும் என்று பேச வேண்டியிருக்கிறது, ஆசை காட்டிப் பதில் வாங்கியதாகவும் ஆகக் கூடாது.

உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி, எந்தப் பிள்ளையாக இருந்தாலும் பாஸாகியிருக்கும், அது அவர் தந்த பதிலால்.

ஆலங்குளத்துப் பிள்ளை, நீ ஒன்றும் எழுதவில்லையே, தாள்களைப் பார்த்தாயா?

ஆலங்குளத்துக்காரி:

பார்த்தேன் சார். பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு மன்னிக்க வேண்டும்.

ஒன்பதாவது கேள்வியில் ஒரு தாளில் "பல நாட்கள்" என்று இருந்தது. கையெழுத்தை வைத்து யாரென்று தெரிந்தது, எங்கள் ஊர் அக்காதான், இங்கே வேறு எதுவும் எழுத மாட்டேன். அன்றைக்கு நான் அந்தக் கட்டத்தை 1 என்று எண்ணாக மாற்றிக் கணினியில் ஏற்றிவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருக்கிறேன். அக்காவைப் போய்ப் பார்த்தேன். ரொம்ப நேரம் பேசினோம். என் போனிலிருந்தே 14416-க்குப் பேசினார், நான் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்கு அப்புறம் அவரே ஒரு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் மறுபடி உட்கார்ந்தேன், 14 புளியமுத்தோடு. தாள் இல்லை, மார்க் இல்லை, முதலில் தப்பாகக் கேட்டுவிட்டேன், இப்போது சரியாகக் கேட்கலாம் என்று வந்தேன் என்று சொன்னேன். பத்துப் பேர் உட்கார்ந்தார்கள், அந்த அத்தையும்தான். எதிலும் மனசு ஒட்டாமல் இருந்த நாள் எத்தனை என்று கேட்டபோது எங்கம்மா கிண்ணத்திலிருந்து ஒன்று ஒன்றாக எடுத்து 11 முத்து இந்தப் பக்கம் வைத்தார். என் 60 தாளில் அம்மாவின் தாளும் உண்டு. அதே கேள்விக்கு அதில் "இல்லவே இல்லை" என்று இருக்கிறது, நான்தான் பேனாவைப் பிடித்துக் குறித்தேன். "அன்னைக்கு நீ அவசரத்துல இருந்தல்லா, அதான் சீக்கிரம் முடியட்டும்னு சொன்னேன்" என்றார்.

சென்னை வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆலங்குளத்திலேயே ஒரு பள்ளியில் சம்பளம் குறைவாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது, சாயங்காலம் படிக்க நேரம் இருக்கும், பாலத்தடி அக்கா சொன்னபடி ஜேஆர்எஃப் வந்த பிறகுதான் பிஎச்.டி. அசல் சான்றிதழையும் கையோடு திரும்ப வாங்கி வந்துவிட்டேன். கல்லிடை அண்ணா, பழைய வினாத்தாள் இருந்தால் அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை அம்மாவை ஹைகிரவுண்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன், ஒரு நாள் சுற்றாவிட்டால் பரவாயில்லை என்று தம்பி சொல்லி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறான்.